பாதம் நேராகிவிட்ட பிறகும் பார் ஷூ எதற்கு?

தாராவியிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. மகனுக்கு 14 மாதம். பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கியிருந்தன; வளைபாதம் என்பது இதைத்தான். ஒரு மாதக் குழந்தையாக இருக்கும்போது மாவுக்கட்டு ஆரம்பித்து, வாரம் ஒன்றாக ஆறு கட்டு. பிறகு குதிகாலுக்கு மேலே சின்ன வெட்டு, அதன் மேல் மூன்று வாரக் கட்டு, அதற்கப்புறம் பார் ஷூ, அதாவது பார் என்னும் குறுக்குக் கம்பியில் இரண்டு பக்கமும் பூட்டிய ஷூ ஜோடி. பாதம் நேராகிவிட்டது. இரவில் ஷூ போட்டால் அழுகிறான். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்குப் போனபோது ஐந்து வாரம் போடவே இல்லை. திரும்பி வந்து மாட்டினால் குதிகால் ஷூவுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. “கால்தான் சரியாயிட்டே, இன்னும் எதுக்குப் பிள்ளைக்கு விலங்கு மாட்டுறே” என்கிறார் உங்கள் அத்தை. நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் வரிகளுக்குள்ளேயே இருக்கிறது: குதிகால் இறங்கவில்லை என்றால் ஷூ சின்னதாகிவிட்டதா, அல்லது பாதம் பழையபடி மடங்கத் தொடங்கிவிட்டதா?

முதலில் நேரடியான பதில். நிறுத்தக் கூடாது. அதே சமயம், குதிகால் உட்காராத ஷூவை இன்றிரவு பலவந்தமாக இறுக்கியும் கட்டக் கூடாது. இந்த வாரமே, முன்பு கட்டுப் போட்ட இடத்துக்கே குழந்தையைக் கொண்டு போங்கள். ஐந்து வார இடைவெளியில் பாதம் கொஞ்சம் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த வயதில் அது பெரும்பாலும் இரண்டு மூன்று மாவுக்கட்டிலேயே திரும்பவும் சரியாகிவிடும். பயந்துபோய் ஒத்திப்போடுவதுதான் கெடுதல். 14 மாதத்தில் கட்டோடு முடிகிற விஷயம், நான்கு வயதில் ஆபரேஷன் வரை போகலாம்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். குழந்தை தூங்கும்போதோ, நன்றாகப் பால் குடித்துவிட்டுச் சாந்தமாக இருக்கும்போதோ மல்லாக்கப் படுக்க வையுங்கள். முழங்கால் நீட்டியிருக்கட்டும். உங்கள் உள்ளங்கையை அவன் உள்ளங்காலில் வைத்து, முழுப் பாதத்தையும் சேர்த்து மெதுவாக முகத்தை நோக்கித் தள்ளுங்கள். விரலை மட்டும் பிடித்துத் தள்ளினால் தப்பான விடை கிடைக்கும். பாதத்தின் நடுப்பகுதி வளைந்துகொடுத்து, குதிகாலும் சேர்ந்து வந்த மாதிரி ஏமாற்றும். பாதம் காலுக்குச் செங்குத்தாக வந்து, அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம், ஒரு 10 முதல் 15 டிகிரி, மேலே போக வேண்டும். செங்குத்திலேயே நின்றுவிட்டால், அல்லது அதுகூட வரவில்லை என்றால், குதிகாலின் பின்னால் உள்ள தடித்த நாண் குறுகியிருக்கிறது. அடுத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்ப வேண்டும். உள்ளங்காலின் உள்ளோரம் நேர்கோடாக இருக்கிறதா, வாழைப்பழம் போல வளைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இரண்டும் தாராளமாக வந்து, விரல் நுனி மட்டும் ஷூவின் முன்விளிம்பைத் தாண்டி மடங்கி நிற்கிறது என்றால், ஷூதான் சிறிதாகிவிட்டது. அடுத்த அளவு வேண்டும். முதல் வருடத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளவு மாறுவது சாதாரணம். எப்படியிருந்தாலும் இது உங்கள் கண்ணுக்கான சோதனைதான். எத்தனை கட்டு, திரும்ப வெட்ட வேண்டுமா என்பதையெல்லாம் கையால் பிடித்துப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். நீங்கள் எழுதியதை வைத்தோ, போட்டோவை வைத்தோ நானோ வேறு யாரோ சொல்வது ஊகம்.

சரியான பாதம் ஏன் திரும்ப மடங்குகிறது? இங்கேதான் அத்தை சொல்வதில் உள்ள பிழை. எலும்பு முறிந்து கட்டுப் போட்டால், எலும்பு கூடியதும் கதை முடிந்தது. வளைபாதம் அப்படியல்ல. இதில் முறிந்தது எதுவும் இல்லை. பாதத்தின் உள்பக்கமும் பின்பக்கமும் உள்ள தசைநார்களும் நாண்களும் தடித்துக் குறுகி, எலும்புகளை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கின்றன. மாவுக்கட்டு அவற்றை வாரத்துக்குக் கொஞ்சமாக நீட்டியது. முதல் கட்டில் உள்ளங்காலின் ஆழமான குழியை நிமிர்த்தியிருப்பார்கள். அடுத்தடுத்த கட்டுகளில், டாலஸ் என்னும் கணுக்கால் எலும்பின் வெளிப்பக்கத்தில் கட்டைவிரலால் அணை கொடுத்து, முன்பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பியிருப்பார்கள். பாதம் 60, 70 டிகிரி வெளியே திரும்பிய பிறகும் குதிகால் மட்டும் மேலே தூக்கியபடி நிற்கும். அதற்குத்தான் அந்தச் சின்ன வெட்டு. “நரம்பை வெட்டிவிட்டார்கள்” என்று வீடுகளில் சொல்வது அதைத்தான். வெட்டியது நரம்பு இல்லை, குதிகால் நாண். கடைசிக் கட்டு இருந்த மூன்று வாரத்தில் அது நீளமாகி மறுபடி சேர்ந்துவிடுகிறது. அந்தக் காலுக்கு உணர்ச்சியும் போகாது, பலமும் போகாது.

இந்த முறையை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1940-களின் இறுதியிலிருந்து உருவாக்கியவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914-ல் பிறந்தவர், 2009-ல் காலமானார். பாதத்தை முதலில் மடக்கிய அதே போக்கு, பிறந்து முதல் சில வருடங்களுக்கு உயிரோடுதான் இருக்கிறது. அதனால்தான் நிமிர்த்திய பாதம் பழைய இடத்துக்கு இழுபடுகிறது என்பது அவர் விளக்கம். உயிரியல் அளவில் இதன் முழு விவரமும் இன்னும் தீர்ந்துபோன விஷயம் இல்லை. ஆனால் நடைமுறையில் சந்தேகமே இல்லாத உண்மை ஒன்று உண்டு: பார் ஷூவை விட்ட குழந்தைகளுக்குத்தான் வளைவு திரும்புகிறது. அயோவாவிலிருந்து வந்த கணக்கில், ஒழுங்காகப் போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத் திரும்பியது. விட்டுவிட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல். பிற்பாடு மற்ற ஊர்களில் வந்த எண்கள் கூடக்குறைய இருந்தாலும் திசை மாறவில்லை. மாவுக்கட்டு பாதத்தை நேராக்குகிறது, அவ்வளவுதான். நேராகவே வைத்திருப்பது பார் ஷூ. கட்டுக்கு இரண்டு மாதம், ஷூவுக்கு நாலு வருடம் என்னும் விகிதத்தைப் பார்த்தாலே எது பெரிய வைத்தியம் என்று தெரியும்.

எத்தனை மணி நேரம், எத்தனை வயது வரை? முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், குளிக்க ஒரு மணி நேரம் விடுமுறை என்பதில் எங்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதன் பிறகு இரவுத் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 14 மணி நேரம் என்பது பொதுவான வழக்கம். சில இடங்களில் 16 வரை கேட்பார்கள். நான்கு வயதோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, ஐந்து வரை போடச் சொல்கிறவர்களும் உண்டு. என் சாய்வு ஐந்தின் பக்கம், அதுவும் ஒருமுறை திரும்பிய பாதமாக இருந்தால் கட்டாயம் ஐந்து. எத்தனை மணி குறைந்தால் பாதம் பொறுத்துக்கொள்ளும் என்பதில்தான் ஒத்த முடிவு இல்லை. ஷூவுக்குள் சிறிய சென்சார் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், பெற்றோர் சொன்ன நேரத்தைவிட உண்மையில் போட்ட நேரம் குறைவாகவே இருந்திருக்கிறது. ஆகவே ஒரு ராத்திரி காய்ச்சலில் விட்டுப்போனதற்காக மனம் நொந்துகொள்ள வேண்டாம். ஒரு ராத்திரி வேறு, ஐந்து வாரம் வேறு.

இனி ஷூவுக்கு வருவோம். அழுகைக்குப் பாதிக் காரணம் குழந்தையின் பிடிவாதம் இல்லை, தப்பாகப் பூட்டிய பார். மூன்று அளவுகளைச் சரிபாருங்கள். ஒன்று, பாரின் நீளம். ஒரு ஷூவின் குதிகால் நடுவிலிருந்து மற்றதன் குதிகால் நடுவரை உள்ள தூரம், குழந்தையின் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரையுள்ள அகலத்துக்குச் சமமாகவோ ஒரு துளி கூடவோ இருக்க வேண்டும். குழந்தை வளர்ந்து பார் அப்படியே இருந்தால் கால்கள் நெருக்கிப் பிடிக்கப்பட்டு அவஸ்தைப்படும். பல வீடுகளில் ஷூவை மாற்றுகிறார்கள், பாரை நீட்ட மறந்துவிடுகிறார்கள். இரண்டு, கோணம். வளைந்து பிறந்த பாதத்துக்கு 60 முதல் 70 டிகிரி வெளிப்பக்கம். உங்கள் மகனுக்கு இரண்டு பாதமும் அப்படி என்பதால் இரண்டு ஷூவும் நன்றாக வெளியே பார்க்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் வளைந்த குழந்தைக்கு, நல்ல பாதத்தின் ஷூ 30 முதல் 40 டிகிரி. திருகாணி தளர்ந்து கோணம் தானாக நழுவும். சரியான கோணத்தில் பாரிலும் ஷூவின் அடியிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், நழுவினால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று, பாரின் வளைவு. பார் மட்டமான கம்பி இல்லை. நடுப்பகுதி குழந்தையை விட்டு விலகி வெளியே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் பாதத்தை 10, 15 டிகிரி மேல்நோக்கி வைக்கிறது. பாரைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டிவிட்டால் வைத்தியம் எதிர்த்திசையில் நடக்கும். வலது ஷூவை இடதில் மாட்டுவதும் அப்படித்தான். இது நடக்காத தவறு இல்லை. அரைத்தூக்கத்தில், மங்கிய லைட்டில், நிறையவே நடக்கும்.

மாட்டும் விதம். மெல்லிய பருத்திச் சாக்ஸ், ஷூவின் மேல்விளிம்பைத் தாண்டும் நீளம், விரல் பக்கத்தில் தடித்த தையல் இல்லாதது. அரை டிராயர் போடுவதானால் ஷூவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பார் பூட்டிய பிறகு கால்சட்டை ஏறாது. முழங்காலை மடக்கி, பாதத்தை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, குதிகால் ஷூவின் பின்சுவரையும் அடித்தளத்தையும் தொடும் வரை அழுத்தி இறக்குங்கள். உள்நாக்கைப் பாதத்தின் மேல் சுருக்கமில்லாமல் படிய விட்டு, கணுக்கால் மடிப்பின் மேல் வரும் பட்டையை முதலில் இறுக்குங்கள். பாதத்தைப் பிடித்துவைப்பது அந்தப் பட்டைதான். மற்ற வார்களும் லேஸும் அதற்குத் துணை. பிறகு கெண்டைக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஷூவுக்குள் விரல்கள் முன்பின்னாக நகர்ந்தால் குதிகால் உட்காரவில்லை. அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். ஷூவின் பின்புறம் ஓட்டை இருந்தால் அதன் வழியே குதிகாலைப் பார்க்கலாம், அது இருப்பதே அதற்காகத்தான். குதிகால் சரியாக உட்கார்ந்த ஒரு நாளில், விரல் நுனி வரும் இடத்தில் உள்தளத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், அதன்பின் எந்த இரவும் அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்தக் காலை முதலில் போடுவது என்று கேட்பவர்களுக்கு: அதிகம் இறுகிய கால் முதலில். ரொம்ப உதைக்கிற பிள்ளையானால் நல்ல காலை முதலில் மாட்டுங்கள். அடுத்த ஷூவுக்குள் அவனே உதைத்துக்கொண்டு இறங்குவான்.

புண் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. குதிகாலின் பின்பக்கம் சிவந்திருந்தால், இறுக்கம் அதிகம் என்று நினைத்துப் பட்டையைத் தளர்த்துவார்கள். உண்மை பெரும்பாலும் தலைகீழ். தளர்ந்த ஷூவுக்குள் குதிகால் மேலும் கீழும் உரசித்தான் கொப்புளம் வருகிறது. பட்டையை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கினால் நின்றுவிடும். ஷூவைக் கழற்றி அரை மணி நேரத்துக்குள் மறையும் சிவப்பைப் பொருட்படுத்த வேண்டாம். மறையாமல் நிற்கும் அடர்சிவப்பு, கொப்புளம், தோல் உரிவு இவற்றுக்குக் கிளினிக் போக வேண்டும். சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவாதீர்கள். தோல் ஊறி மென்மையாகி இன்னும் உரியும். மும்பை மழைக்காலத்தில் ஷூவின் உட்புறம் காயவே காயாது. பகலில் ஃபேன் காற்றில் விரித்துவையுங்கள், சாக்ஸைத் தினமும் மாற்றுங்கள், தோல் ஷூவை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். வாளியில் ஊறப்போட்டால் தோல் விறைத்துப்போகும்.

அழுகை. புதிதாகப் போடும்போதும் இடைவெளி விட்டுத் திரும்பப் போடும்போதும் இரண்டு மூன்று இரவு அழுவது இயல்பு. காரணம் பெரும்பாலும் வலி இல்லை, இரண்டு காலும் தனித்தனியாக அசையாத எரிச்சல். அதனால் பாரைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக உதைக்கலாம் என்று பிடிபட்டதும் பாதி எரிச்சல் போய்விடும். அழுதவுடன் கழற்றினால், அழுதால் கழலும் என்று ஒரே வாரத்தில் படித்துக்கொள்வான். வலியா பிடிவாதமா என்று சந்தேகம் வந்தால் ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். தோல் சுத்தமாக இருந்தால் திரும்பப் பூட்டிவிட்டுத் தோளில் போட்டுத் தட்டுங்கள். தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: உடம்பு துடைத்து, சாப்பாடு, ஷூ, தாலாட்டு. ஷூ இல்லாமல் தூங்கிய பிறகு திருட்டுத்தனமாக மாட்டுவது சில நாளைக்குத்தான் ஓடும். நடுராத்திரியில் விழித்தால் அவனுக்கு அது அதிர்ச்சி.

பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் பாயில் படுக்கும் வீட்டில் பார், பக்கத்தில் படுத்திருப்பவர் முழங்காலில் இடிக்கும். சைக்கிள் ஹேண்டில் ஃபோமோ, பழைய துண்டோ பாரைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். குழந்தையைச் சுவரோரம் விடாமல் உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டுப் படுக்க வைத்தால் அவனே திரும்பிப் படுப்பான். பாரோடு குப்புறப் புரள இந்த வயதுக் குழந்தைக்குத் தெரியும், கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போகும்போது ஷூவைப் பெட்டியில் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். திருநெல்வேலிக்கு ஒன்றரை நாள் ரயில், நடுவில் ஒரு முழு இரவு வருகிறது. கீழ் பெர்த்தில் உங்கள் பக்கத்திலேயே படுக்க வைத்து அங்கேயும் மாட்டலாம்.

அக்கம்பக்கத்தில் சொல்லும் மாற்று வழிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் தேய்த்து நீவி விடுவது தோலுக்கு நல்லது, குழந்தைக்குப் பிடிக்கும், செய்யுங்கள். ஆனால் ஐந்து நிமிடம் நீட்டிய நாரை எட்டு மணி நேரத் தூக்கம் திரும்பச் சுருக்கிவிடும். பார் ஷூ செய்யும் வேலையை நீவல் செய்யாது. நாட்டுக்கட்டுக் கட்டுபவரிடம் போய்ப் பாதத்தை முறுக்கிக் கட்டுவது ஆபத்து. குதிகால் இறுகியிருக்கும்போது முன்பாதத்தை மேலே வளைத்தால், குதிகால் அசையாமல் பாதத்தின் நடுப்பகுதி உடைந்த மாதிரிக் கீழ்நோக்கிப் புடைத்துவிடும். அதைச் சரிசெய்வது முதல் வளைவைவிடக் கஷ்டம். முழங்காலுக்குக் கீழே மட்டும் வரும் பிளாஸ்டிக் பிரேஸ் பாதத்தை மேலே தூக்கிப் பிடிக்கும், ஆனால் வெளியே திருப்பி வைக்காது. ஆகையால் பார் ஷூவுக்கு அது மாற்று இல்லை. பகலில் போட ‘ஸ்பெஷல் ஷூ’ என்று விற்பதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். பகலில் வெறுங்காலோ சாதாரணச் செருப்போ போதும், நடக்கட்டும், ஓடட்டும். இந்தக் குழந்தைகள் நடக்க ஒன்றிரண்டு மாதம் தாமதிக்கலாம். அதற்கு மேல் ஷூ நடையைத் தடுக்காது.

கிரகணத்தன்று நீங்கள் காய் நறுக்கியதால் இப்படி ஆனது என்ற பேச்சை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: சம்பந்தமே இல்லை. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு, எல்லா நாட்டிலும், எல்லாச் சாதி சமயத்திலும் இது வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு; பாதிப் பேருக்கு இரண்டு காலிலும். பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரும்பாலான குழந்தைகளில் இன்னதுதான் காரணம் என்று கைகாட்ட முடிவதில்லை. அம்மா உட்கார்ந்த விதத்திலும் சாப்பிட்ட சாப்பாட்டிலும் காரணம் தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். பார் ஷூவை ஒழுங்காகப் போட்டும் பாதம் சீக்கிரமே திரும்ப மடங்கினால், பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதுகுத்தண்டின் அடியில் குழியோ, முடிக்கற்றையோ, வீக்கமோ இருக்கிறதா, கால்விரல்களை மேலே தூக்க முடிகிறதா, இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா, மற்ற மூட்டுகளும் விறைத்திருக்கின்றனவா என்று முழு உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டுக் கோளாறால் வரும் வளைபாதத்துக்கு வைத்தியத்தின் போக்கே வேறு. உங்கள் விஷயத்தில் ஐந்து வார இடைவெளி என்னும் வெளிப்படையான காரணம் இருப்பதால் நான் அந்தப் பக்கம் முதலில் போக மாட்டேன். ஆனாலும் இதுவரை யாரும் முதுகைப் பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

ஷூ எதைத் தராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கெண்டைக்கால் மற்றக் குழந்தைகளைவிட மெலிந்தே இருக்கும். ஒரு கால் மட்டும் என்றால் அந்தப் பாதம் கொஞ்சம் சிறியதாகவும் இருக்கும். அது வைத்தியத்தின் தோல்வி இல்லை. இரண்டரை மூன்று வயதுக்கு மேல் நடக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் தூக்கி, வெளியோரத்தை ஊன்றி நடந்தால், முன்னங்கால் தசையின் நாணை வெளிப்பக்கம் மாற்றிப் பொருத்தும் சிறு அறுவை தேவைப்படலாம். அதற்கு முன்கூட்டியே அடையாளம் வீட்டில் தெரியும்: செருப்பின் வெளியோரம் மட்டும் தேய்ந்திருக்கும். இன்னொரு நல்ல சோதனை, குந்தி உட்காருவது. தரையில் குந்தி விளையாடும் பிள்ளையின் குதிகால் தரையில் படிந்திருந்தால் நாணில் நீளம் இருக்கிறது. குதிகாலைத் தூக்கியபடியே, அல்லது பின்னால் சாய்ந்து விழப்போகிறவன் போலக் குந்தினால் இறுக்கம் தொடங்கிவிட்டது. ஐந்து வயது வரை மாதம் ஒருமுறை இதைக் கவனியுங்கள்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை, கொஞ்சம் தள்ளிப் பரேலில் கே.இ.எம், அங்கேயே குழந்தைகளுக்கென்றே உள்ள வாடியா மருத்துவமனை. எலும்புப் பிரிவில் வளைபாதக் குழந்தைகளுக்கென்று தனிக் கிழமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அந்த நாளில் போனால்தான் இந்தக் கட்டில் கை தேறியவர்கள் கிடைப்பார்கள். க்யூர் இந்தியா என்ற தொண்டு அமைப்பு பல அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து கட்டும் பார் ஷூவும் இலவசமாகக் கிடைக்க உதவுகிறது. அடுத்த அளவு ஷூவுக்குப் பணம் தடையாக இருந்தால் அதைக் கேளுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள குழந்தைகளுக்கான ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டம் 2013 பிப்ரவரியில் இதே மகாராஷ்டிராவில், பால்கரில்தான் தொடங்கியது. அதன் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள திட்டம் என்பதால், ஊரில் இருக்கும்போது சிக்கல் வந்தால் அங்கே மாவட்ட அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். பழைய கட்டு அட்டையையும், இப்போது போடும் ஷூவையும் பாரையும் கையோடு கொண்டுபோங்கள். பிரானி ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். பாதத்தின் ஆறு அடையாளங்களுக்கு 0, அரை, 1 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டும் கணக்கு அது. 0 என்றால் நேரான பாதம், 6 என்றால் மிகக் கடுமை. அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தாலும் கூடியதா குறைந்ததா என்று அந்த எண் சொல்லும்.

திரும்பவும் கட்டுப் போட்டால், தொடை வரை, முழங்கால் மடக்கிப் போடுவார்கள். முழங்காலோடு நிற்கும் கட்டு நழுவிவிடும். இந்த வயதுக் குழந்தை கட்டோடு தவழும், நிற்கவும் பார்க்கும். கட்டு நன்றாகக் காயும் வரை தரையில் விடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுக்கு முந்தின இரவே வீட்டில் ஊறவைத்துப் பழையதைக் கழற்றிவிடாதீர்கள். சில மணி நேரத்திலேயே கிடைத்த திருத்தத்தில் கொஞ்சம் போய்விடும், கிளினிக்கிலேயே கழற்றட்டும். கட்டுப் போட்ட முதல் நாள் மணிக்கு ஒருமுறை கால்கட்டைவிரலை அழுத்தி விட்டுப் பாருங்கள்: வெளுத்த விரல் இரண்டு எண்ணுவதற்குள் திரும்பச் சிவக்க வேண்டும். விரல் நீலமானாலோ, சில்லிட்டாலோ, வீங்கினாலோ, அல்லது நேற்று வெளியே தெரிந்த விரல் நுனி இன்று கட்டுக்குள் மறைந்துபோனாலோ, அடுத்த கிளினிக் கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றே, ராத்திரியானாலும், கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.